புல்லும் சொல்லும்: வட அமெரிக்கப் புல்வெளி நிலத்தின் வரலாறு

1. முன்னுரை

பள்ளிப் புவியியல் நூல்கள் உலகின் மிதவெப்பப் புல்வெளிகளைப் பட்டியலிட்டுக் கூறுவது வழக்கம். யூரேசியாவில் ஸ்டெப்பி, வட அமெரிக்காவில் பிரெய்ரி, தென் அமெரிக்காவில் பம்பாஸ், தென்னாப்பிரிக்காவில் வெல்டு, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ் என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். இவை எம்மொழிச் சொற்கள் என்னும் வினா அங்கு எழுவதில்லை. எழுப்பிப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். பம்பா என்பது தென் அமெரிக்கத் தொல்குடி மொழியாகிய கெச்சுவாவில் சமநிலத்தைக் குறிக்கும் சொல். வெல்டு டச்சுக் குடியேறிகளின் மொழிவழி வந்தது. டவுன்ஸ் ஆங்கிலேயர் தம் தாயகத்திலிருந்து கொண்டு சென்றது. பிரெய்ரி பிரெஞ்சுச் சொல். புல்தரை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். தோல் வணிகத்தின் பொருட்டு வட அமெரிக்காவின் உட்பகுதிக்குச் சென்ற பிரெஞ்சுக்காரர், தம் நாட்டில் ஊர்ப்புறத்து மேய்ச்சல் தரைக்கு வழங்கிய சொல்லை, அடிவானம் வரை பரந்து கிடந்த ஒரு நிலத்துக்கு இட்டனர். அதற்கு நிகரான சொல் ஆங்கிலத்தில் இல்லாமையால் ஆங்கிலேயரும் அதனையே கடன்கொண்டனர்.

அந்நிலத்துக்கு அதன் மக்கள் வழங்கிய பெயர்கள் பல இருந்தன. புல்லுக்கும் விலங்குக்கும் ஆற்றுக்கும் ஆண்டுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களில் அந்நிலத்தின் வரலாறு பதிந்துள்ளது. குடியேறிகளின் ஆவணங்களோ அதனைப் பெரும்பாலும் வெறுநிலம் என்றே குறித்தன. இவ்விரு சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால், புல்வெளியின் அழிவும் அம்மக்களின் மொழிகள் நலிந்தமையும் ஒரே வரலாற்றின் இரு கூறுகள் என்பது தெளிவாகும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. நிலத்தின் இயல்பு

இப்புல்வெளி வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சவன், மானிட்டோபா ஆகிய பகுதிகளிலிருந்து தெற்கே டெக்சாஸ் வரை நீள்கிறது. மேற்கே ராக்கி மலை அடிவாரத்தில் தொடங்கிக் கிழக்கே இல்லினாய் வரை விரிகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலையிலேயே தன் மழையைப் பெரிதும் பொழிந்துவிடுகிறது. ஆகவே மலையின் கிழக்குப்புறம் மழைமறைவு நிலமாக அமைந்துள்ளது. கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரம் எட்டுவதால் மழையளவு கூடுகிறது. 100ஆம் மேற்கு நெடுங்கோட்டை ஒட்டி ஆண்டு மழை ஏறத்தாழ 20 அங்குலம். இக்கோடு இந்நிலத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்.

மழைக்கேற்பப் புல்லும் மூவகைப்படும். கிழக்கில் ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் நெடும்புல். மேற்கில் கணுக்கால் அளவே வளரும் குறும்புல். இடையில் இரண்டும் விரவிய கலப்புப்புல். கண்ணுக்குத் தெரிவது புல்லின் ஒரு பகுதியே. நெடும்புல் வகைகளின் வேர்கள் இரண்டு மீட்டருக்கும் ஆழமாக இறங்குவன. ஆண்டுதோறும் அவ்வேர்களின் ஒரு பகுதி மடிந்து மக்கியதனால் உருவானதே உலகின் மிக வளமான கரிய மண்வகைகளுள் ஒன்றாகிய இந்நிலத்து மண். புல்லின் வளர்முனை மண்மட்டத்திலோ அதன் கீழோ இருப்பதால் தீயும் மேய்ச்சலும் அதனை அழிப்பதில்லை, மரக்கன்றுகளைத்தாம் அழிக்கின்றன. மின்னலால் எழுந்த தீயோடு மக்கள் திட்டமிட்டு மூட்டிய தீயும் இந்நிலத்தைப் புல்வெளியாகவே காத்தது. எரிந்த நிலத்தில் முளைக்கும் இளம்புல்லைத் தேடிப் பைசன் எனப்படும் காட்டெருமைகள் வந்தன. அவற்றைத் தேடி மக்கள் வந்தனர். இயற்கையாய்க் கிடந்ததாகத் தோன்றும் இப்புல்வெளியின் உருவாக்கத்தில் மனிதர் கையும் இருந்தது என்பது கருதத்தக்கது.

3. வெறுநிலம் என்னும் கருத்து

1541ஆம் ஆண்டில் கொரொனாடோ என்னும் ஸ்பானியத் தளபதி பொன் தேடி இப்புல்வெளியைக் கடந்தார். அவருடன் சென்ற காஸ்டனேடா பின்னாளில் எழுதிய பயணக் குறிப்பில், பெரும்படையும் கால்நடைகளும் கடந்துசென்ற பின்னரும் மிதிபட்ட புல் மீண்டும் நிமிர்ந்துகொண்டதால் வழித்தடமே தெரியாமல் போயிற்று என்று வியக்கிறார். அப்படை இறுதியில் அடைந்தது இன்றைய கான்சாஸ் பகுதியில் இருந்த குவிவிரா. அங்குப் பொன் இல்லை. புல்லால் வேய்ந்த வீடுகளும் மக்காச்சோளம் பயிரிட்ட மக்களும் இருந்தனர். அம்மக்கள் விச்சிட்டா இனத்தாரின் முன்னோர் என்பது ஆய்வாளர் கருத்து.

பொன் தேடியவர்க்கு அது பயனற்ற நிலமாகத் தோன்றியது. மரம் வளரும் மண்ணே உழவுக்கு ஏற்றது என்று கருதிய கிழக்குப் பகுதி அமெரிக்கர்க்கும் அவ்வாறே தோன்றியது. 1820ஆம் ஆண்டில் ஸ்டீபன் லாங் தலைமையில் சென்ற அரசு ஆய்வுக்குழு மேற்குப் புல்வெளியை உழவுக்குத் தகாதது என்று அறிவித்தது. அக்குழு வரைந்த நிலப்படத்தில் அப்பகுதி பெரும்பாலைவனம் என்று பொறிக்கப்பட்டது. மக்காச்சோளம் பயிரிட்டு வாழ்ந்த பவ்னி மக்களின் ஊர்களுக்குச் சென்று வந்த பின்னரே அக்குழு இம்முடிவுக்கு வந்தது என்பது நோக்கத்தக்கது.

அறுபது ஆண்டுகளுக்குள் இச்சொல் தலைகீழாக மாறிற்று. இருப்புப்பாதைக் குழுமங்களும் நில வணிகரும் குடியேறிகளை ஈர்க்க விரும்பியபோது பாலைவனம் தோட்டமாயிற்று. உழுதால் மழை தானே பின்தொடர்ந்து வரும் என்னும் கருத்து 1880களில் நூல்களிலும் விளம்பரங்களிலும் பரப்பப்பட்டது. பாலைவனம், தோட்டம் ஆகிய இரு சொற்களும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் அவற்றுக்கு ஒரு பொதுமை உண்டு. இரண்டிலும் அங்கு வாழ்ந்த மக்களுக்கு இடமில்லை. லக்கோட்டா இனத்தவராகிய லூதர் ஸ்டாண்டிங் பேர், 1933இல் வெளியிட்ட தம் நூலில், அத்திறந்தவெளியைத் தம் மக்கள் ஒருபோதும் காட்டுநிலம் என்று எண்ணியதில்லை. அது வெள்ளையருக்கே அவ்வாறு தோன்றியது என்று கூறியிருப்பது இதற்கான மறுமொழியாகும்.

4. மக்களும் மொழிக்குடும்பங்களும்

இந்நிலத்து மக்களைக் குதிரையேறிக் காட்டெருமை வேட்டையாடிய ஒரே இனத்தாராகத் திரைப்படங்கள் காட்டியுள்ளன. மொழியியல் தரும் சான்று இதற்கு மாறானது. இப்புல்வெளியில் ஆறு மொழிக்குடும்பங்களைச் சார்ந்த மொழிகள் வழங்கின. லக்கோட்டா, டக்கோட்டா, மாண்டன், ஹிடாட்சா, குரோ, ஒமாஹா, கான்சா ஆகியவை சூவன் குடும்பத்தின. பிளாக்ஃபுட், செயன், அராப்பஹோ, சமவெளிக் கிரீ ஆகியவை அல்கொங்கியன் குடும்பத்தின. பவ்னி, அரிக்காரா, விச்சிட்டா ஆகியவை கேடோவன் மொழிகள். கொமாஞ்சி யூட்டோ-அஸ்டெக்கன் குடும்பத்தது. கையோவாவின் உறவு மொழிகள் தென்மேற்கே ரியோ கிராண்டே ஆற்றங்கரை ஊர்களில் வழங்குகின்றன. வடக்கே சார்சி எனப்பட்ட மொழி அத்தபாஸ்கன் குடும்பத்தது. அதன் உறவு மொழிகள் கனடாவின் வடகாடுகளில் உள்ளன.

இம்மொழிகளுக்கிடையிலான நெருக்கமும் விலகலும் எழுதப்படாத இடப்பெயர்வுகளைக் காட்டுகின்றன. குரோவும் ஹிடாட்சாவும் மிக நெருங்கிய மொழிகள். மிசௌரி ஆற்றங்கரையில் உழவராயிருந்தோருள் ஒரு பிரிவினர் மேற்கே சென்று வேட்டுவராயினர் என்பதை அந்நெருக்கம் உணர்த்துகிறது. அரிக்காராவும் பவ்னியும் அவ்வாறே பிரிந்தவை. கொமாஞ்சி மொழி ஷொஷோனி மொழியோடு கொண்டுள்ள ஒற்றுமை, அம்மக்கள் ராக்கி மலைப்பகுதியிலிருந்து தெற்கே இறங்கிப் பலகாலம் ஆகவில்லை என்பதைக் காட்டும். லக்கோட்டா மக்களும் இன்றைய மின்னசோட்டாப் பகுதியிலிருந்து மேற்கு நோக்கி நகர்ந்து, பிற இனத்தாரோடு போரிட்டே பரந்த வேட்டைநிலத்தைப் பெற்றனர். ஆகவே இந்நிலம் வரலாறு தொடாத அமைதிப் பூங்காவாக இருந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. வணிகமும் போரும் குடிபெயர்வும் நிறைந்த நிலம் அது.

வேட்டையே இம்மக்களின் ஒரே தொழில் என்பதும் பிழைபட்ட கருத்தே. 1839ஆம் ஆண்டளவில் பிறந்த எருமைப்பறவைப் பெண் என்னும் ஹிடாட்சா மூதாட்டி தம் மக்களின் வேளாண்மையைக் கில்பர்ட் வில்சன் என்னும் ஆய்வாளரிடம் விரிவாக எடுத்துரைத்தார். அது 1917இல் நூலாக வெளிவந்தது. ஒன்பது வகை மக்காச்சோளத்தையும் அவை ஒன்றோடொன்று கலவாமல் பிரித்துப் பயிரிட்ட முறையையும் அவர் விளக்குகிறார். அவரையும் பூசணியும் சூரியகாந்தியும் அவர்தம் பிற பயிர்கள். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பே மண்ணைக் கொத்தும் கருவி. மேட்டுப் புல்வெளியின் வேர்ப்பின்னல் இறுக்கமானது என்பதால் அவர்கள் அதனைத் தொடவில்லை. ஆற்றோரத்து மென்மையான வண்டல் நிலத்தையே திருத்தினர். எந்நிலத்தை உழலாம், எந்நிலத்தை உழலாகாது என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

5. சொற்கள் தரும் வரலாறு

குதிரை ஸ்பானியர் வழியாக இந்நிலத்துக்கு வந்தது. 1680இல் நியூ மெக்சிகோவின் பியூப்லோ மக்கள் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பின்னரே குதிரை வடக்கே பரவியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொல்குடிகளிடம் குதிரை இருந்தமைக்கு எலும்புச் சான்றுகள் உள்ளதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. குதிரைக்கு இம்மக்கள் இட்ட பெயர்கள் ஒரு முந்தைய காலத்தை நினைவுறுத்துகின்றன. லக்கோட்டாவில் அது ஷூங்காவகான். 'வியத்தகு நாய்' என்பது பொருள். பிளாக்ஃபுட் மொழியில் அதன் பெயர் 'மான்நாய்' எனப் பொருள்படும். கிரீ மொழியில் மிஸ்தத்திம், அதாவது 'பெருநாய்'. உறவற்ற மொழிகளும் ஒரே கருத்தில் பெயரிட்டதற்குக் காரணம் உண்டு. குதிரை வருமுன் சுமை இழுத்த விலங்கு நாயே. இரு கழிகளைப் பிணைத்து அதன் தோளில் கட்டிக் கூடாரத் தோலையும் உணவையும் ஏற்றிச் செல்வர். அச்சுமையைக் குதிரை ஏற்றதும் நாயின் பெயரும் அதற்கு நீண்டது. எழுத்தாவணம் இல்லாத ஒரு காலத்தின் போக்குவரத்து முறையை இப்பெயர்கள் இன்றும் உணர்த்துகின்றன.

இதே முறையில் குடியேறிகளின் மாடு லக்கோட்டாவில் ப்தெக்லெஷ்கா, 'புள்ளியுடைய காட்டெருமை' எனப்பட்டது. ப்தே என்பது காட்டெருமைப் பசுவைக் குறிக்கும். ப்தே ஒயாத்தே என்னும் தொடரில் ஒயாத்தே என்பது மக்கள் இனத்தைக் குறிக்கும் சொல்லே. விலங்குக்கும் மனிதர்க்கும் ஒரே சொல்லால் இனம் சுட்டுவது அம்மொழியின் வழக்கு.

புல்லைக் குறிக்கும் சொல் பெஜி. மருந்தைக் குறிக்கும் சொல் பெஜூத்தா. 'புல்வேர்' என்று அது பிரிக்கப்படும். பின்னாளில் வணிகர் கொணர்ந்த காப்பிக்குக் 'கரிய மருந்து' எனப் பெயரிட்டனர். புல்வெளிக் கிழங்கு எனப்படும் டிம்ப்சிலா முற்றும் பருவத்தைக் கொண்டு சூன் திங்களுக்குப் பெயரமைந்தது. மேலோட்டமாகக் காண்போர்க்கு ஒரே நிறமாகத் தெரிந்த புல்வெளி, இம்மக்களுக்கு மருந்தகமாகவும் களஞ்சியமாகவும் நாட்காட்டியாகவும் விளங்கியது.

ஆண்டுக் கணக்கும் அவ்வாறே. முதற்பனியிலிருந்து அடுத்த முதற்பனி வரை ஓர் ஆண்டு. அவ்வாண்டின் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்றை ஓவியமாகத் தோலில் வரைந்து, அதன் பெயராலேயே ஆண்டைச் சுட்டினர். குளிர்காலக் கணக்கு எனப்படும் இப்பதிவுகளுள் பலவற்றில் 1833ஆம் ஆண்டு 'விண்மீன்கள் விழுந்த' ஆண்டு. அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த பெரும் எரிகல் பொழிவே அது. இதனை அடிப்படையாகக் கொண்டே காரிக் மலரி போன்ற ஆய்வாளர் இக்கணக்குகளை ஆங்கில ஆண்டுகளோடு பொருத்தினர்.

6. பொதுமொழியும் புதுமொழியும்

ஆறு குடும்பங்களைச் சார்ந்த மக்கள் ஒரே வெளியில் வணிகமும் உடன்பாடும் செய்துகொண்டது எவ்வாறு? சைகை மொழி இதற்குப் பயன்பட்டது. காஸ்டனேடாவின் குறிப்பிலேயே, இம்மக்கள் கையசைவால் பேசுவது போலவே கருத்தை உணர்த்தினர் என்னும் செய்தி காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சைகை மொழி கனடாவிலிருந்து டெக்சாஸ் வரை அறியப்பட்டிருந்தது. மலரி 1881இலும் கிளார்க் 1885இலும் இதனை விரிவாகப் பதிவு செய்தனர். 1930இல் மொன்டானாவின் பிரௌனிங் ஊரில் பல இனத் தலைவர்கள் கூடிச் சைகையால் உரையாடியதை ஹியூ ஸ்காட் என்னும் தளபதி திரைப்படமாக்கினார். இதனை வெறும் அபிநயமாகக் கருதிய காலம் உண்டு. ஒலியன்களுக்கு ஒப்பான அடிப்படைக் கூறுகளும் சொல்லாக்க முறைகளும் கொண்ட முழுமொழி இது என்பதை 1960இல் லா மான்ட் வெஸ்ட்டின் ஆய்வேடும் 2010இல் ஜெஃப்ரி டேவிசின் நூலும் நிறுவின.

இப்புல்வெளி ஒரு புதிய மொழியையும் ஈன்றது. பிரெஞ்சு வணிகர்க்கும் கிரீ முதலிய இனப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் மெத்திஸ் எனப்பட்டனர். உலர்த்தி இடித்த காட்டெருமை இறைச்சியைக் கொழுப்போடு கலந்து செய்யும் பெமிக்கான் என்னும் உணவை வணிகப் படகுகளுக்கு வழங்கியவர்கள் இவர்களே. இவர்தம் மிச்சிஃப் மொழியில் பெயர்ச்சொற்கள் பிரெஞ்சின, வினைச்சொற்கள் கிரீயின. கிரீ வினையின் சிக்கலான உருபனியல் அதில் சிதையாமல் உள்ளது. இரு மொழிகளையும் நிறைவாக அறிந்தோரே இதனை ஆக்கியிருக்க முடியும் என்று பீட்டர் பாக்கர் 1997இல் விளக்கினார். குறைமொழி என்று எள்ளப்பட்ட ஒன்று, மொழியாக்கத்தின் அரிய சான்றாக இன்று போற்றப்படுகிறது.

7. கலப்பையும் மழைக்கோடும்

1837இல் ஜான் டியர் என்னும் கொல்லர் இல்லினாயில் உருவாக்கிய எஃகுக் கலப்பை, பிசுபிசுத்த கரிமண் ஒட்டாமல் வேர்ப்பின்னலை அறுத்துச் சென்றது. அதே 1837இல் மிசௌரி ஆற்றில் வந்த வணிக நீராவிக்கப்பல் ஒன்று பெரியம்மையைக் கொணர்ந்தது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் இருந்த மாண்டன் மக்களுள் எஞ்சியோர் இருநூற்றுக்கும் குறைவு.

1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. ஆறும் மேடும் நோக்காமல் சதுரம் சதுரமாக நிலம் அளக்கப்பட்டது. 1871இல் காட்டெருமைத் தோலைத் தொழிற்சாலைத் தோலாகப் பதனிடும் முறை கண்டறியப்பட்டது. இருப்புப்பாதை அத்தோலை ஏற்றிச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று கோடி அளவில் இருந்ததாக மதிப்பிடப்படும் காட்டெருமைகள், 1880களின் இறுதியில் ஆயிரம் அளவாகக் குறைந்தன. வணிகத்தின் பொருட்டுத் தொல்குடிகளும் வேட்டையாடியது உண்மையே. எனினும் எஞ்சியவற்றையும் சில ஆண்டுகளில் துடைத்தழித்தது வெள்ளை வேட்டைக்காரரின் துப்பாக்கியும், அவ்வழிவைத் தொல்குடிகளைப் பணியவைக்கும் வழியாகக் கண்ட அரசு அலுவலரின் இசைவுமே.

இக்காலத்தில் ஜான் வெஸ்லி பவல் என்னும் அறிஞர் எச்சரிக்கை விடுத்தார். 1878இல் அவர் அளித்த அறிக்கை, 100ஆம் நெடுங்கோட்டுக்கு மேற்கே மழையை நம்பி உழுதல் இயலாது. 160 ஏக்கர் அங்குப் பிழைப்புக்குப் போதாது. மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றது. அரசு அதனை ஏற்கவில்லை. இதே பவல்தான் 1879இல் தொடங்கிய இனவியல் அலுவலகத்தின் தலைவர். மெக்சிகோவுக்கு வடக்கே வழங்கிய தொல்குடி மொழிகளை 58 குடும்பங்களாக வகுத்து 1891இல் வெளியிட்டவரும் அவரே. மழையின் எல்லையையும் மொழிகளின் எல்லையையும் ஒருவரே அளந்தது இப்புல்வெளி வரலாற்றின் தனிச்சிறப்பு. ஆயினும் இரு எல்லைகளையும் சட்டம் மதிக்கவில்லை. முதல் உலகப்போர்க் காலத்துக் கோதுமை விலையால் உழவு மேற்கே மேலும் பரவியது. 1930களின் வறட்சியில், வேர்ப்பின்னல் இழந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள் பகலை இருளாக்கிய புழுதிப்புயல் இன்றும் கறுப்பு ஞாயிறு எனப்படுகிறது. அம்மாத இறுதியிலேயே மண்வளப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

8. 1887: நிலமும் மொழியும்

1887ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு இயற்றப்பட்ட டாஸ் சட்டம், இனத்தார் பொதுவாக வைத்திருந்த ஒதுக்கிட நிலத்தைத் தனியாள் உடைமையாகப் பிரித்து, எஞ்சியதைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த தொல்குடி நிலம் 1934இல் 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. அதே 1887இல் தொல்குடி விவகார ஆணையர் ஆட்கின்ஸ், ஒதுக்கிடப் பள்ளிகள் அனைத்திலும் தாய்மொழிவழிக் கல்வியைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தார். சமயப் பணியாளரின் பள்ளிகளும் அத்தடைக்கு உட்பட்டன. டக்கோட்டா மொழிக்கு 1852இலேயே இலக்கணமும் அகராதியும் அச்சாகியிருந்தன. 1871 முதல் அம்மொழியில் செய்தித்தாள் வெளிவந்தது. எழுத்தும் அச்சும் பெற்று வளர்ந்துவந்த மொழியைத்தான் ஆணை தடுத்தது. 1879இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கார்லைல் பள்ளியும் அதன்வழி அமைந்த உறைவிடப் பள்ளிகளும் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்தும் புல்வெளியிலிருந்தும் பிரித்தன. கனடாவிலும் இத்தகைய பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நடந்தன.

ஒரே ஆண்டில் நிலமும் மொழியும் குறிவைக்கப்பட்டமைக்குக் காரணம் காண்பது அரிதன்று. பொது நிலத்தைப் பிரித்தால் கூட்டு வாழ்வு குலையும். குழந்தையின் மொழியை மாற்றினால் அந்நிலத்தை அறியும் வழியே அறுபடும். ஒரு புல்லின் பெயரையும், அது முளைக்கும் காலத்தையும், அது தீர்க்கும் நோயையும் பாட்டியிடம் கேட்டறிய வேண்டிய வயதில் குழந்தை பல நூறு கல் தொலைவில் இருந்தது.

இதற்கிடையிலும் பதிவுப்பணி நடைபெற்றது. 1889இல் பிறந்த யாங்டன் டக்கோட்டா இனத்தவராகிய எல்லா டெலோரியா, ஃபிரான்ஸ் போவாசுடன் இணைந்து பணியாற்றினார். அவர் தொகுத்த டக்கோட்டாக் கதைகள் 1932இலும், இருவரும் எழுதிய இலக்கணம் 1941இலும் வெளிவந்தன. தம் மொழியைத் தாமே ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

9. இன்றைய நிலை

அழிவு பத்தொன்பதாம் நூற்றாண்டோடு நின்றுவிடவில்லை. 1953இல் நிறைவுற்ற காரிசன் அணை, மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா மக்களின் ஆற்றோர வண்டல் நிலத்தை மூழ்கடித்தது. எருமைப்பறவைப் பெண் பயிர்செய்த ஊரும் நீருக்குள் மறைந்தது.

நெடும்புல்வெளியில் இன்று எஞ்சியிருப்பது நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் பெரும்பகுதி கான்சாசின் ஃபிளின்ட் குன்றுகளில் உள்ளது. தீக்கல் நிறைந்த அம்மண்ணைக் கலப்பை ஊடுருவ இயலாமையே அது தப்பியதற்குக் காரணம். 1996இல் அங்கு ஒரு தேசியக் காப்பகம் அமைந்தது. அம்மாநிலத்தின் பெயருக்கு உரியவர்களாகிய கான்சா மக்கள் அக்குன்றுப் பகுதியிலிருந்து 1873இல் இன்றைய ஒக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டனர். பெயர் மண்ணில் தங்கியது. பெயரிட்டோர் தங்க இயலவில்லை. நெப்ராஸ்கா என்பதும் ஒமாஹா, ஓட்டோ மொழிகளில் 'தட்டையான நீர்' என்று பொருள்படும் ஆற்றுப்பெயர். பிரெஞ்சுக்காரர் அதனை மொழிபெயர்த்தே அவ்வாற்றைப் பிளாட் என்றனர்.

2016ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் தேசியப் பாலூட்டியாகக் காட்டெருமை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகத்தில் விச்சிட்டா மொழியைச் சரளமாகப் பேசிய இறுதியானவராகிய டோரிஸ் மெக்லெமோர் மறைந்தார். திசம்பரில் மாண்டன் மொழியின் இறுதிப் பேச்சாளராகிய எட்வின் பென்சன் மறைந்தார். 1541இல் கொரொனாடோ கண்ட புல்வீட்டு மக்களின் மொழி, 475 ஆண்டுகளுக்குப் பின் வழக்கொழிந்தது. ஒலிப்பதிவும் அகராதியும் இலக்கணமும் எஞ்சியுள்ளன. அவற்றைக் கொண்டு இளையோர் கற்க முயல்கின்றனர். எனினும் கேட்டு விடையளிக்க மூத்தோர் இல்லாத கல்வி அது.

மீட்சிக்கான அறிகுறிகளும் உண்டு. 1990இல் அமெரிக்காவிலும் 2019இல் கனடாவிலும் தொல்குடி மொழிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. லக்கோட்டா, கிரீ, பிளாக்ஃபுட் மொழிகளில் மழலையர்க்கு அம்மொழி வாயிலாகவே கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. எல்லையின் இருபுறமும் வாழும் இனத்தார் 2014இல் காட்டெருமையை மீண்டும் தம் நிலத்தில் நிலைநிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டனர். காட்டெருமை மேயும் ஒதுக்கிடத்தில் வளரும் குழந்தைக்குப் ப்தே என்பது ஏட்டுச்சொல்லாக இராது; கண்முன் நிற்கும் விலங்கின் பெயராக இருக்கும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவது, புல்வெளியை வெறுநிலம் என்றது கண்டவரின் சொற்குறையால் விளைந்த முடிவு. நில அளவையும் சட்டமும் அதன்மேல் எழுந்தன. இரண்டாவது, நிலம் பறிபோனதும் மொழி நலிந்ததும் ஒரே கொள்கையின் விளைவுகள்; ஒன்றை விடுத்து மற்றதன் வரலாற்றை எழுத இயலாது. மூன்றாவது, மொழியைப் பதிவுசெய்வோர் சொற்பட்டியலோடு நிறைவடையலாகாது. செடியின் பெயரோடு செடியும் பருவமும் பயனும் பதிவாதல் வேண்டும். செடி நிற்கும் நிலமும் காக்கப்படுதல் வேண்டும்.

இதனை வேற்று நாட்டுச் செய்தியாக மட்டும் கொள்ள இயலாது. ஆங்கிலேயர் ஆட்சியின் வருவாய்த்துறை வழக்கைப் பின்பற்றி, நம் நாட்டிலும் மேய்ச்சல் நிலங்களும் வறண்ட புல்வெளிகளும் அரசுப் பதிவேடுகளில் பயனற்ற நிலங்களின் வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. அந்நிலங்களில் ஆடுமாடு மேய்ப்போர் அவற்றின் புல்வகைகளுக்கும் பருவங்களுக்கும் தம் மொழிகளில் பெயர் வைத்துள்ளனர். அப்பெயர்களைத் தொகுக்கும் பணி, அவற்றைச் சொல்வோர் வாழும் காலத்திலேயே செய்யப்பட வேண்டியதாகும்.